பாதிக்குப் பாதி வட்டம்

நூலக எழுத்தருக்கு ஒரு வியாதி உண்டு. கைபேசியில் புள்ளிவிவரப் படம் எது வந்தாலும் அப்படியே நம்பிவிடுவார். மனிதன் ஆயுளில் எத்தனை நாள் சாவி தேடுகிறான் என்று ஒரு படம் சொன்னால், உடனே எழுந்துபோய்த் தன் சாவியைத் தேடுவார். பூனைகளின் தூக்கத்தை யாரோ கலர் கலராகக் கட்டம் கட்டியிருந்தால், அதை மனைவிக்குக் காட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அன்று அவர் நீட்டிய படத்தை அவள் பார்க்கவில்லை.

"ஏங்க, அடுத்த வாரத்துல இருந்து எனக்குக் காலை ஷிப்ட். வீட்டு வேலையில பாதியை நீங்க எடுத்துக்கணும்."

"பாதியா? ஏற்கெனவே பாதி நான்தானேம்மா செய்றேன்!"

"அப்படியா? எப்போ?"

அந்த 'எப்போ' அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வாயால் சொன்னால்தானே நம்ப மாட்டாள்? படமாகக் காட்டிவிடுவது என்று சபதம் செய்தார்.

மறுநாள் முதல் சட்டைப்பையில் குறிப்பேடு. ஜன்னல் திரையை விலக்கினார்: ஒன்று. ஃபேனை நிறுத்தினார்: இரண்டு. குழம்பில் உப்புப் பார்த்தார்: மூன்று. 'உப்பு கம்மி' என்று சொன்னார்: நான்கு. மனைவி சமைத்தாள்: ஒன்று. துணி துவைத்தாள்: இரண்டு. வீடு முழுக்கத் துடைத்தாள்: மூன்று. ஏழாம் நாள் மதியம் கூட்டிப் பார்த்தால் அவருக்கு இரண்டு குறைந்தது. எழுந்துபோய் விளக்கைப் போட்டார், அணைத்தார். சரியாகிவிட்டது.

கணக்கை ஒரு வட்டப் படமாக்கி, நூலகப் பிரிண்டரில் அச்செடுத்து வந்தார். ஒரு பாதி நீலம், ஒரு பாதி ஆரஞ்சு. கீழே வேலைகளின் பட்டியல். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"என்னங்க இது?"

"பை."

"காய்கறி வாங்கற பையா?"

"பை சார்ட்டும்மா! நீலம் நான், ஆரஞ்சு நீ. வேலைக்கு ஒரு புள்ளி. ரெண்டு பேரும் சரிபாதி. படம் பொய் சொல்லாது."

சண்டைக்கு வருவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். அவளோ பட்டியலை மருந்துச் சீட்டு மாதிரி மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள்.

"ரொம்பச் சரி. ஒப்புக்கறேன்."

எழுத்தருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ரெண்டும் சமம்தானே? அப்போ மாத்திக்கலாம். இனிமே நீலம் எனக்கு, ஆரஞ்சு உங்களுக்கு."

"அது வந்தும்மா... சமையல் கொஞ்சம் பெரிய வேலை..."

"படத்துல பெரிசு சின்னதெல்லாம் இல்லையே. எல்லாம் ஒரே புள்ளி. நீங்க போட்டதுதானே?"

எழுத்தர் தன் பட்டியலை மேலிருந்து கீழே மறுபடி எண்ணினார்.

திங்கள்கிழமை அவர் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி ஜன்னல் திரையை விலக்கி, "ஒண்ணு!" என்றாள். வியர்வை சொட்டச் சொட்டத் தரையைத் துடைத்தபோது ஃபேனை நிறுத்தி, "ரெண்டு!" என்றாள். குழம்பை ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"மூணு. உப்பு கம்மி. நாலு. வரேங்க!"

வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. போதாக்குறைக்கு, அவள் அந்த வட்டத்தைப் படமெடுத்துக் குடியிருப்புப் பெண்கள் குழுவிலும் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. வாசலில் மேல்மாடிப் பல் டாக்டர். முழங்கை வரை சோப்பு நுரை. இடுப்பில் ஒரு பெரிய கூடை.

"சார், அந்த நீலம் ஆரஞ்சு வட்டம் வரைஞ்சது நீங்கதானா?"

ஒரு வாரமாக வாடிக் கிடந்த எழுத்தரின் முகம் மலர்ந்தது. கடைசியில் தன் அருமை தெரிந்த ஒரு மனிதர்!

"நானேதான் டாக்டர்! கலர்கூட நான்தான் பார்த்துப் பார்த்துப் போட்டேன்."

பல் டாக்டர் கூடையை அவர் கையில் இறக்கினார். உள்ளே, அடிப்பிடித்த பாத்திரங்கள்.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் ஒட்டியாச்சு சார். இதைத் தேய்ச்சு மேல அனுப்பிடுங்க, ஒரே ஒரு புள்ளிதான்."