அப்பாவின் காருக்கு நாலு பிளக்

மதிப்பிற்குரிய மூத்த அண்ணன் அவர்களுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கு தாங்களும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் போன் செய்திருப்பீர்கள்.

அப்பாவின் காரை விற்றுவிடும்படி தாங்கள் இட்ட கட்டளை கிடைத்தது. அதன்படி ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார். ஸ்டார்ட் ஆனால் வண்டி விலை, ஆகாவிட்டால் இரும்பு விலை என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டியைத் தராசில் ஏற்றுவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பேட்டரியை மாற்றினார், டேங்கைக் கழுவினார், "தீப்பொறிதான்மா வரல. பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, மூணும் வாங்கி வைங்க, வந்து மாட்டறேன்" என்று சொல்லிவிட்டு மச்சினன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர்தான், இன்னும் வரவில்லை.

சரி, நாமே வாங்கி மாட்டுவோம் என்று நானும் உங்கள் மாப்பிள்ளையும் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, வண்டி எந்த வருஷம்? எனக்கு என்ன தெரியும்? அண்ணன் மாமரத்துலேர்ந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்ட வருஷம்னேன். அவர் முகம் மாறாம, "எந்தக் கைம்மா?"ன்னு கேட்டார். கடையில நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க, எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, ஆனா அண்ணா, உன் கைக்குக் கட்டுப்போட உன்னை அந்தக் கார்லதானே கூட்டிட்டுப் போனோம், புது சீட்டு வாசனை, நீ அழற சத்தம், "சீட்டுல மூக்கைத் துடைக்காதடா"ன்னு அப்பா போட்ட அதட்டல், எல்லாம் அந்தக் கடை வாசல்லயே ஞாபகம் வந்துடுச்சு. நான் அந்த ஞாபகத்துல இருந்த நேரம் பார்த்து இவர் புகுந்து, தனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு மூடியைக் கை காட்டி வாங்கிட்டு வந்துட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தா அதுல ஆறு ஒயர் சொருக இடம் இருக்கு. நம்ம இன்ஜினுக்கு நாலுதான். "ரெண்டு உபரியா இருந்துட்டுப் போகட்டுமே, இடைஞ்சலா என்ன?"ங்கறார். வேலையில இருந்தப்ப இவரை எப்படி வெச்சிருந்தாங்களோ!

மறுபடி போனோம். மூடி கிடைச்சுது, ஒயரும் பிளக்கும் வாங்கினோம். ஆனா பிளக்கோட திருகு மரை பழசைவிட நீளம். நல்லவேளை, பழசை நான் கைக்குட்டையில சுத்தி வெச்சிருந்தேன், பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். இன்னொரு தடவை கடைக்கு ஓடினோம். "நீளமானதை மாட்டியிருந்தீங்கன்னா உள்ளே பிஸ்டன் வந்து இடிச்சிருக்கும்மா. பழசை முதல்லயே கொண்டு வந்திருந்தா ஒரே நடைல முடிஞ்சிருக்கும்"னு கடைக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். சரியானதை வாங்கிட்டுத் திரும்பற வழியில அந்தக் கைக்குட்டையை மோந்து பார்த்தேன். பெட்ரோலும் கரியும் கலந்த அதே வாசனை, அப்பா கை வாசனை. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க.

வீட்டுக்கு வந்து நான் பிளக் கவரைப் பிரிக்கறதுக்குள்ள இவர் பழைய ஒயர் நாலையும் ஒரே இழுப்புல பிடுங்கிட்டார்! எது எங்கே இருந்ததுன்னு தெரியல. பிளக்கை மாட்டி, புது ஒயரைக் குத்துமதிப்பா சொருகிச் சாவியைத் திருப்பினா டமார்னு ஒரு வெடி. எதிர்வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாம ஓடி வந்தார். மெக்கானிக்குக்குப் போன் பண்ணினா, கல்யாண வீட்டு இரைச்சல்ல கத்தறார்: "முதல் ஒயருக்கு மூடியிலேயே குறி இருக்கும்மா! மிச்சத்தை அந்த இன்ஜின்ல பிளக் ஒண்ணொண்ணும் பத்தற வரிசையில சொருகணும். வரிசை தெரியுமா?"

தெரியும்ணா. எனக்குத் தெரிஞ்சிருந்தது. அப்பா நம்ம நாலு பேரையும் எப்படிக் கூப்பிடுவார்? குளிக்க, சாப்பிட, கார்ல ஏற, எதுக்கானாலும் "ஒண்ணு! மூணு! நாலு! ரெண்டு!" நீ, தம்பி, சின்னவ, ரெண்டாவதாப் பொறந்தும் கடைசியா நான். ஆறிப்போன வெந்நீர் எப்பவும் எனக்குத்தான். என்னைத்தான் அப்பாவுக்குப் பிடிக்காதுன்னு எத்தனை நாள் தலையணையை நனைச்சிருக்கேன், உனக்குத் தெரியாது. நான் வரிசையைச் சொல்லச் சொல்ல, இவர் சொருகினார். சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல், ரெண்டு இருமல், அப்புறம் பிடிச்சுக்கிச்சு பார், அதே சத்தம்! நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். இவர் பயந்துபோய் ஷாக் அடிச்சுடுச்சான்னு கேட்டார். அப்பா என்னை ஒதுக்கவே இல்லைண்ணா. இன்ஜின் எப்படிக் கூப்பிடுமோ அப்படிக் கூப்பிட்டிருக்கார், அவ்வளவுதான்.

ஆகவே, தங்கள் கட்டளைப்படி வண்டி விற்பனைக்குத் தயார். எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத தங்கை

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள, வண்டி வாங்கறவர் ஒருநாள் முன்னாலயே வந்து நிக்கறார். ஓடிப்போய், மூடிக்குத் தீப்பொறி கொண்டுவர்ற காயில் ஒயரைப் பிடுங்கிக் கைப்பையில போட்டுக்கிட்டேன். பாவம், அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வண்டி மூச்சு விடல. இரும்பு விலைக்காவது தாங்கன்னார். அண்ணன் சம்மதிக்க மாட்டார்னு உன் பேரைச் சொல்லி அனுப்பிட்டேன். யாராவது கேட்டா அப்படியே சொல்லிடு. நாங்க இப்போ சின்னவ வீட்டுக்குக் கிளம்பறோம். கார்லதான்.