அலுங்காம அண்ணன் போட்ட ஸ்கோர்

இந்தியா ஆடிய அத்தனை கிரிக்கெட் ஆட்டங்களையும் டிவியில் முழுசாகப் பார்த்துவிட்டு, ஒன்றில்கூட யார் ஜெயித்தார்கள் என்று தெரியாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். புதுச்சேரி முதலியார்பேட்டையில், ஒரு சின்ன ஸ்டூடியோவில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் அலுங்காம அண்ணன்.

அண்ணன் ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டார். திரையின் அடியில் ஸ்கோர் போட்டுக்கொண்டு வந்து போகுமே ஒரு பட்டை, அதைத்தான் பார்ப்பார். டீக்கடையில் கடைசி ஓவர் ஓடும். சிக்ஸர் பறக்கும், கடையே எழுந்து கத்தும். இவர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு, "அந்தப் பட்டைய எப்டி வெளிய அனுப்பறான் பாரு, கோச்சுக்கினு போற மருமகன் மாதிரி. அலுங்காம வரணும், அலுங்காம போவணும். இது கூடவா தெரியாது?" என்று புலம்புவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் டீக்கடைக்காரர் அவரைப் பிடித்து வெளியே தள்ளினார். "தள்றதுன்னா மெதுவா ஆரம்பிச்சு, நடுவுல வேகம் எடுத்து, கடைசில மெதுவா விடணும் மொதலாளி" என்று பாடம் எடுத்துக்கொண்டேதான் அண்ணன் தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் ஸ்டூடியோவின் பிழைப்பே அதுதான். உள்ளூர் விளையாட்டுப் போட்டிகளை நேரலையாகக் காட்டும்போது ஸ்கோர் பட்டை, வீரர்களின் பெயர், ஜெயித்தவர்களுக்கு ஒரு ஜிகினா எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்போம். மற்ற நாட்களில் கடை விளம்பரங்கள். முதலாளி ரெஜினா அக்கா. அசைவது எல்லாவற்றையும் செய்வது அண்ணன். அவர் "இப்ப" என்றதும் பட்டனை அமுக்குவது நான்.

ஊரில் ஒரு மெத்தைக் கடைக்காரர் விளம்பரம் கேட்டு வந்தார். கடையின் பெயர் மெத்தை மேல் தொம்மென்று விழ வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. வேறு யாராவது என்றால் அரை மணியில் முடித்து அனுப்பியிருப்பார்கள். அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொதலாளி, நீங்க ஒருதரம் மெத்தை மேல விழணும்."

"நான் எதுக்குப்பா விழணும்?"

"உங்க கடைப் பேருக்கு உங்க வெயிட்டுதான் செட்டாவும். விழுந்தா எவ்ளோ அமுங்குது, எத்தினி தடவ எழும்புதுன்னு நான் பாக்கணும்."

மனுஷர் நம்பி விழுந்தார். அண்ணன் செல்போனில் படம் பிடித்தார். திருப்தியில்லை என்று மறுபடி விழச் சொன்னார். இடது பக்கமாக ஒன்று, வலது பக்கமாக ஒன்று, கால் தூக்கி ஒன்று. சாயங்காலம் அவரை இரண்டு பேர் தாங்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஆனால் விளம்பரம் வந்த அன்று கடைக்காரருடைய மனைவியே போன் செய்து, "அந்தப் பேரு விழுறது எங்க வூட்டுக்காரரு சோபால உக்கார்ற மாதிரியே இருக்குது" என்று சிரித்தார். அன்றிலிருந்து எங்களுடைய நிரந்தர விளம்பரதாரர் அவர்தான்.

இன்னொரு முறை, கனமான பொருள் எப்படி நகரத் தொடங்குகிறது என்று பார்க்க அண்ணன் விடிகாலையில் பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்குப் போனார். மீனவர்கள் வலை இழுப்பதைக் கைகட்டி வேடிக்கை பார்த்தார். "சும்மா நின்னு பாக்காத, வந்து புடி" என்று கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். பத்து மணிக்கு மீன் வாடையோடும் வீங்கிய உள்ளங்கையோடும் ஸ்டூடியோவுக்கு வந்தவர், "இப்பதான் வெளங்குச்சு. பெரிய பட்டை மொதல்ல லேசா பின்னாடி போயிட்டுதான் முன்னாடி வரணும்" என்று அறிவித்தார். ரெஜினா அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீயும் அதே மாதிரி பின்னாடி போ. வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு வா" என்றார்.

வண்டி ஓட்டுவதிலும் இதே கொள்கைதான். மரப்பாலம் சிக்னலில் நிற்பதற்கு அரை கிலோமீட்டர் முன்பிருந்தே ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவார். அங்கே வந்து சேர்வதற்குள் விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பாகியிருக்கும். பின்னால் உட்கார்ந்து போவதற்கு நடந்தே போகலாம் என்று நான் எத்தனையோ நாள் நடந்தே போயிருக்கிறேன்.

இப்படி இருக்கையில்தான் ரெஜினா அக்காவுக்கு நெருக்கடி வந்தது. பாரிஸில் இருக்கும் அவருடைய அண்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்து, கடையை மூடிவிட்டுக் கிளம்பி வா என்று நச்சரித்தார். ஸ்டூடியோவும் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றுதான் ஓடியது. அந்த நேரத்தில் சென்னையில் ஒரு விளையாட்டுச் சேனல் எங்களைக் கூப்பிட்டது. கபடி சீசன் முழுக்க கிராபிக்ஸ் வேலை தருவார்களாம். அதற்கு முன் எங்கள் ஊர் பெத்தாங்க் இறுதி ஆட்டத்தை நேரலையில் செய்து காட்ட வேண்டும்.

அக்கா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "இது கெடச்சா ஸ்டூடியோ நிக்கும். போச்சுன்னா நான் பாரிஸ்ல எங்கண்ணன் புள்ளைங்களுக்கு ரசம் வெச்சிக்கினு கெடக்க வேண்டியதுதான். நீங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. அண்ணன் அந்த ஒரு மாதமும் சரியாகச் சாப்பிடவே இல்லை.

பெத்தாங்க் தெரியாதவர்களுக்கு: பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஆட்டம். தூரத்தில் கிடக்கும் ஒரு குட்டிப் பந்துக்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு நெருங்கி நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று எடுப்பவருக்கு வெற்றி. அன்று முதலியார்பேட்டைக்கும் அரியாங்குப்பத்துக்கும் ஆட்டம். மைதானத்தின் ஓரத்தில் பந்தல் போட்டு, மேசையில் லேப்டாப்பை வைத்து நானும் அண்ணனும். பக்கத்தில் வர்ணனையாளர். பின்னால் சென்னைச் சேனலிலிருந்து வந்த இளவயதுத் தயாரிப்பாளர், கையைக் கட்டிக்கொண்டு.

நன்றாகத்தான் போனது. எண்கள் அலுங்காமல் வந்தன, அலுங்காமல் போயின. தயாரிப்பாளரே, "சினிமா மாதிரி இருக்கு" என்றார். பந்தல் ஓரமாக நின்ற அக்கா கழுத்துச் சிலுவையைப் பிடித்த பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்து நின்றது.

கடைசிக் குண்டு அரியாங்குப்பத்து முசியே ஒருவர் கையில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வீசி, குண்டு நின்றதும் ஜெயித்த அணியின் பெயர் எழும்ப வேண்டும், அதன் மேல் மெத்தைக் கடையின் பெயர் வந்து விழ வேண்டும். அந்த நொடிக்காகத்தான் அண்ணன் ஒரு மாதம் பட்டினி கிடந்தார். நேரம் தவறக்கூடாது என்பதற்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பட்டையிலிருந்து கண்ணை எடுத்து ஆட்டத்தைப் பார்த்தார்.

வந்தது வினை.

முசியே கையைப் பின்னால் கொண்டுபோய் வீசினார். குண்டு எழும்பி விழுந்தது, உருண்டது, இன்னொரு குண்டை லேசாக உரசியது, வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, குட்டிப் பந்தின் பக்கத்தில் பூனை வந்து உட்காருவது போல உட்கார்ந்தது. நான் "இப்ப" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அண்ணன் கண்ணில் நீர் வழிய நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்தியா? எப்டி வந்து நின்னுச்சு பாத்தியா? இதத்தானம்மா நான் இத்தினி வருஷமா கம்ப்யூட்டர்ல பண்ணப் பாக்கறேன்."

எழுந்த வேகத்தில் அவர் கால் ஒயரில் சிக்கியது. ஸ்கோர், பெயர், மெத்தைக் கடை எல்லாம் ஒரே அடியில் திரையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போயின. உலகத்தில் எந்தப் பட்டையும் அவ்வளவு முரட்டுத்தனமாக வெளியே போயிருக்காது. வர்ணனையாளரின் மைக் திறந்திருந்ததால், ஜெயித்தது யார் என்று தெரியாமல் நேரலை பார்த்துக்கொண்டிருந்த ஊர் முழுக்க அண்ணன் தேம்பியதைக் கேட்டது. தயாரிப்பாளர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நாலைந்து நாள் கழித்துச் சேனலிலிருந்து அந்தத் தயாரிப்பாளர் போன் செய்தார். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒர்க் எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு மேடம். சீசன் உங்களுக்குத்தான். ஆனா அந்த ஆள் மட்டும் வேணாம். டிசைனெல்லாம் வாங்கி வெச்சுக்குங்க, வேற யாரையாவது போட்டுக்கலாம்."

அக்கா அண்ணனுடைய காலி நாற்காலியைப் பார்த்தார். ரொம்ப நேரமெல்லாம் யோசிக்கவில்லை.

"மெர்சி தம்பி. வேணாம்" என்று பிரெஞ்சில் ஒரு நன்றியோடு போனை வைத்தார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அக்கா, அப்ப பாரிஸ்?"

"அங்க குளுருடி" என்றார்.

அண்ணன் உள்ளே வந்தார். "சேனல்காரன் இன்னா சொன்னான்க்கா?" ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ரெஜினா அக்கா, கண் இமைக்காமல் சொன்னார். "மஞ்ச கலர் கண்ணக் குத்துதாம். வேணாம்னுட்டான்."

அந்தப் பட்டையின் மஞ்சள் எங்கள் கடற்கரைத் தெருச் சுவர்களின் மஞ்சள். அண்ணன் சுவர் சுவராகப் போய் வெயிலில் நின்று ஒப்பிட்டு எடுத்தது. "மஞ்சளா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஸ்டூடியோ இப்போது அரியாங்குப்பத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இருக்கிறது. அக்காவும் அண்ணனும் மெத்தை, நகை, பிரியாணி என்று ஓட்டுகிறார்கள். நான் எழுத வந்துவிட்டாலும் வாரம் ஒருமுறை போய் டீ குடித்துவிட்டு வருவேன். அண்ணன் அன்றோடு மஞ்சளை விட்டவர்தான். கடற்கரைப் பக்கம் போனால் சுவர்களைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார். போன மாதம் ஒரு மஞ்சள்தூள் கம்பெனி விளம்பரத்தை நீலத்தில் செய்து கொடுக்க, அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "என் மஞ்சளால உங்க பொழப்பு போச்சுக்கா" என்று அவர் ஆரம்பித்தால், அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

இந்தப் பத்திரிகைப் பக்கம் அண்ணன் கையில் கிடைத்தாலும் படிக்க மாட்டார். தலைப்புக்கும் படத்துக்கும் நடுவில் இடம் போதவில்லை என்று பத்திரிகை ஆபீசுக்குப் போன் போடுவார். ஒருவேளை படித்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று இதையும் எழுதிவைக்கிறேன். அண்ணே, மஞ்ச நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க வேணாம்னது உங்களத்தான். உங்கள விட்டுட்டுப் போவ எங்களுக்குத்தான் மனசு வரல.