மிஷினுக்கு வைத்த பொட்டு

ஒரு காட்டில், கரண்ட் வந்து வந்து போகிற அளவுக்கு நாகரிகம் முற்றிப்போன ஒரு காட்டில், பூங்காவனம் என்றொரு முள்ளம்பன்றி குடும்பம் நடத்தி வந்தாள். முள்ளம்பன்றிக்கு எதற்குத் துணிமணி என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டுக்கு மானமும் மரியாதையும் வந்து இறங்கி வெகுகாலம் ஆகிறது. இப்போது அங்கே பாம்புகூடச் சட்டையைக் கழற்றிவிட்டு வெளியே வராது.

பூங்காவனத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்க வேண்டும். ஆற்றங்கரைக் கல்லில் துணி துவைத்த காலத்தில் அது நடக்கவில்லை. அதைப் பார்த்து மனம் இளகிய கணவர் தெய்வசிகாமணி, ஒரு நல்ல நாள் பார்த்து வாஷிங் மிஷின் வாங்கி வந்தார். "இனிமே நீ காலை நீட்டிப் படு பூங்காவனம்" என்றார்.

மூன்று வருடம் ஆகிறது. அவளுக்குக் காலை மடக்கி உட்காரக்கூட நேரமில்லை.

கல்லில் துவைத்தபோது ஒரு சட்டையை நாலு நாள் போட்ட தெய்வசிகாமணி, மிஷின் வந்ததும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாற்றினார். பிள்ளைகள் கை துடைத்த துண்டையெல்லாம் அழுக்குக் கூடையில் போட்டார்கள். ஓடைக்கு அக்கரையில் இருந்த கொழுந்தனார் குடும்பம் வாரம் ஒருமுறை போர்வை மூட்டையை அனுப்பி வைத்தது. முகம் சுளித்தால் எல்லோருக்கும் ஒரே பதில் தயாராக இருந்தது: "மிஷின்தானே தொவைக்குது, நீயா தொவைக்கிற?" மிஷின் துவைத்தது உண்மைதான். ஆனால் துணியைப் போடுவதும், எடுப்பதும், உதறிக் காயப்போடுவதும், மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளுவதும், மடிப்பதும் மிஷினா செய்தது? அதை யாரும் கேட்கவில்லை, பூங்காவனமும் வாய் திறந்து சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை மிஷின் பாதியில் நின்றது. உள்ளே தண்ணீர் தேங்கிக் கிடக்க, பீப் பீப் என்று கத்தி, முகப்பில் ஈ-18 என்று காட்டியது. பூங்காவனம் கணவரைக் கூவி அழைத்தாள். மறுபடியும் ஆற்றங்கரைக் கல்தானா?

தெய்வசிகாமணி வந்தார். அணைத்துப் போட்டார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். குழாயைத் திறந்து மூடினார். கடைசியாக, வீட்டில் எந்தச் சாமான் மக்கர் செய்தாலும் செய்வதைச் செய்தார், அதாவது மண்டையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அது ஈ-18 என்றே சொல்லியது. அவருக்குக் கோபம் வந்து உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிலிர்க்கும்போதெல்லாம் அவருக்கு ரெண்டு முள் உதிரும், உதிர்ந்தது அவர் சட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அது அவர் வழக்கம்.

தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றிவிட்டு, பூங்காவனம் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து, ஏழை அழுத்து என்று அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு மைனா பேசியது.

"செவ்வாய்க்கிழமை பத்துல இருந்து ஆறுக்குள்ள டெக்னீஷியன் வருவாரு மேடம். வீட்டுல கண்டிப்பா ஆள் இருக்கணும்."

"எத்தனை மணிக்குன்னு சொன்னா தேவலைம்மா."

"பத்துல இருந்து ஆறுக்குள்ள மேடம்."

செவ்வாயன்று பூங்காவனம் தண்ணீருக்கும் போகவில்லை, கிழங்குக்கும் போகவில்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள், சுவரில் சாய்ந்தாள், பிறகு தூங்கிப்போனாள். விழித்தபோது மணி நாலு. எத்தனையோ வருடத்தில் முதல் மத்தியானத் தூக்கம்! முகம் கழுவும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. டெக்னீஷியன் வரவில்லை. 'வீடு பூட்டியிருந்தது' என்று போனுக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது.

மறுபடி புகார், மறுபடி பத்திலிருந்து ஆறு, மறுபடி தூக்கம். இப்படி நாலு முறை ஆயிற்று.

"நீ போயிட்டா மெக்கானிக் திரும்பிப் போயிடுவான். நானே ஆத்துக்குப் போறேன்" என்று தெய்வசிகாமணி துணி மூட்டையைத் தூக்கினார். முதல் நாள் பதினொரு உருப்படி. கல்லில் அடித்து அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அடுத்த நாளிலிருந்து மூட்டை நாலு உருப்படியாக இளைத்தது. அவரே சட்டையை மோந்து பார்த்து, "இது இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்று கொடியில் மாட்டினார். பிள்ளைகளிடம், "துண்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கத்தினார். அக்கரைக் கொழுந்தனாருக்குத் திடீரென்று போர்வையெல்லாம் சுத்தமாகவே இருந்தது.

ஐந்தாம் முறை டெக்னீஷியன் வந்தேவிட்டார். மரங்கொத்தி. மிஷினை மேலே டொக் டொக், பக்கத்தில் டொக் டொக் என்று தட்டினார். ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை.

"போர்டு போயிடுச்சு."

"ஸ்விட்ச் போர்டா?" என்றார் தெய்வசிகாமணி.

"மிஷினோட போர்டு சார். அதான் மூளை. ஸ்பேர் வரணும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. என் வீடா இருந்தா பேசாம புதுசு வாங்கிடுவேன்."

ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்த நரியின் கடையில் அந்த வாரம் எக்ஸ்சேஞ்ச் மேளா. "பழசைக் குடுத்துட்டுப் பத்துக் கிலோ மிஷினா எடுத்துக்குங்க அண்ணே. அண்ணி உட்கார்ந்த இடத்துல இருந்து நகர வேணாம்" என்றது நரி. தோள்பட்டை வலியில் இருந்த தெய்வசிகாமணி வெள்ளிக்கிழமை வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

பூங்காவனம் பகீரென்று உட்கார்ந்துவிட்டாள். ஏழு கிலோ மிஷின் அவள் மத்தியானத்தைத் தின்றது. பத்துக் கிலோ மிஷின் வந்தால் சாயங்காலமும் போய்விடும். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? 'உனக்காகத்தானே வாங்குறேன்' என்பாரே!

வியாழக்கிழமை, கொடுக்கப்போகிற சாமானைத் துடைத்தாவது கொடுப்போம் என்று ஈரத்துணியோடு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். கீழே வலது மூலையில் சதுரமாக ஒரு சின்ன மூடி இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் தெய்வசிகாமணி அதில்தான் பெரிய பொட்டாக வைப்பார். மிஷினுக்கு நெற்றி எது என்று தெரியாததால் அவராக முடிவு செய்த இடம் அது. மூன்று வருடச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து மூடியைப் பூசி மெழுகியிருந்தன. பூங்காவனம் ஊறவைத்துச் சுரண்டினாள். மூடி பட்டென்று திறந்தது.

உள்ளே ஒரு வடிகட்டி. திருகி இழுத்ததும் கலங்கல் தண்ணீர் பாய்ந்தது, பின்னாலேயே ஒரு கற்றை முள். எல்லாம் தெய்வசிகாமணியின் முள். மூன்று வருடக் கோபம் மொத்தமும் அங்கேதான் அடைந்து கிடந்தது.

கழுவி மாட்டி, ஒரு துண்டைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். மிஷின் துவைத்தது, அலசியது, தண்ணீரைக் கடகடவென்று வெளியே தள்ளியது. ஈ-18-ஐக் காணோம். ஐந்து காசு செலவில்லாமல், மரங்கொத்தியால் முடியாததை அவள் முடித்துவிட்டாள். பெருமையில் ஒரு நிமிடம் அவள் முள்ளெல்லாம் பூரித்து நின்றது.

அப்போது தூரத்தில் ஆற்றங்கரைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி துணியைக் கல்லில் அடித்து, அடிக்கு ஒரு முனகல் முனகிக்கொண்டிருந்தார். மணி ஒன்றரை. சாப்பாடு ஆகிவிட்டது. பாய் விரித்தபடி கிடந்தது.

பூங்காவனம் பாயைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். பிறகு குப்பையில் போட்ட முள் கற்றையை எடுத்து, ஒன்று குறையாமல் உள்ளே செருகி, மூடியைச் சாத்தினாள். பூசை மாடத்திலிருந்து சந்தனத்தைக் குழைத்து வந்து கெட்டியாக ஒரு பொட்டும் வைத்தாள்.

மாலையில் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார் தெய்வசிகாமணி.

"நாளைக்குக் கடைக்குக் கெளம்பணும் பூங்காவனம்."

"எதுக்குங்க அவசரம்? படிச்ச மனுஷன் தட்டிப் பார்த்துச் சொல்லியிருக்காரு, போர்டுதான்னு. அது வரட்டுமே. இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கினா ஊரு சிரிக்காதா?" என்று அவள் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சிக்கனமான மனைவி எந்த முள்ளம்பன்றிக்கு வாய்ப்பாள்! போர்டு வரும்வரை துவைப்பது தன் பொறுப்பு என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்த வருட ஆயுத பூசைக்கு, பாவம் உடம்பு முடியாமல் கிடக்கிற மிஷின் என்று, அந்த மூடிக்கு மட்டும் ரெண்டு பொட்டு வைத்தார். போர்டு இன்னும் வரவில்லை. பூங்காவனம் தினமும் மத்தியானம் அதற்காகப் படுத்தபடியே காத்திருக்கிறாள்.

நீதி: மெக்கானிக் சொல்வதை நம்ப வேண்டும், அது தப்பு என்று தெரிந்துவிட்டால் இன்னும் உறுதியாக நம்ப வேண்டும்.