மோட்டார் ரூம் சாவிப் படலம்

வாழ்க வைத்தியநாதன்! ஐதராபாத்து லிங்கம்பள்ளியில் வானளாவ எழுந்த அடுக்ககத்தின் நான்காம் மாடி நாயகன். பாதுகாப்புத் துறைப் பொதுத்துறை நிறுவனமொன்றில் முப்பதாண்டு காலம் கோப்புகளோடு பொருது, மேனியில் ஒரு கீறலும் மனத்தில் ஒரு பகையும் இன்றி விருப்ப ஓய்வு பெற்ற வித்தகன். ஐம்பத்தெட்டாம் பிராயத்தில், ஒத்த வயதினர் மாத்திரைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க, தான் மட்டும் தொடையை இறுக்கும் கருநிறக் கால்சட்டை தரித்துப் புறப்பட்டு, வாட்ச்மேனின் பார்வையைத் தாங்கி நின்ற தீரன். அவன் புகழைச் சொல்லப் புகுந்தோம்.

மஞ்சீரை நதித் தாயே, குழாயில் வருவதாகச் சொல்லி டேங்கரில் வந்து சேர்பவளே, இந்தக் காவியம் முடியும்வரை எங்கள் சொல் வறண்டுவிடாமல் பார்த்துக்கொள். வேறெந்தத் தெய்வத்துக்காகவும் அந்த அடுக்ககத்தார் இத்தனை நேரம் பால்கனியில் காத்து நின்றதில்லை.

பிற போர்கள் மண்ணுக்காகவும் பொன்னுக்காகவும் நடந்தன. இந்தப் போர் ஒரு பதவிக்காக நடந்தது. அதை அடைவதற்காக அல்ல, அதனிடமிருந்து தப்புவதற்காக. அடுக்ககச் சங்கத்தின் செயலாளராக மூன்றாண்டு செங்கோல் ஓச்சி, லிஃப்ட் நின்றால் லிஃப்டுக்கும், நாய் குரைத்தால் நாய்க்கும், மழை பெய்யாவிட்டால் வானத்துக்கும் பதில் சொல்லிச் சொல்லிக் கண்ணிரண்டும் குழிவிழுந்த சக்ரபாணி, பொதுக்கூட்டத்தில் எழுந்து மோட்டார் ரூம் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

“என்னால இனிமே முடியாதுங்க. தூக்கத்துல கூட டேங்கர் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்தான் கேக்குது.”

அவையோர் அனைவரும் ஒரே கணத்தில் தத்தம் கைபேசிக்குள் புகுந்து மறைந்தனர். வேலைக்குப் போகாதவர், உடம்பு நன்றாக இருப்பவர் என்னும் இரண்டு தகுதியும் ஒருங்கே வாய்த்த இருவர் மட்டும் தலை நிமிர்ந்தபடி மாட்டிக்கொண்டனர். ஒருவன் நம் நாயகன். மற்றவன் அவனுடைய எதிர்வீட்டு ராஜாராமன். இருவரும் ஒரே மூச்சில் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: அரை டிரையத்லானுக்குப் பயிற்சி நடக்கிறது, நேரமில்லை. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைய நீந்தி, ஈரம் காயுமுன் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கிய காலோடு இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி, இத்தனையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கும் அந்த வேள்வியின் விவரம் கேட்டு அவை வாய் பிளந்தது. சக்ரபாணி வாய் பிளக்கவில்லை. அவர் முகத்தில் மூன்றாண்டில் முதல்முறையாக ஒளி பிறந்தது.

“அப்ப சரி. ரெண்டு பேரும் ஓடுங்க. யார் பின்னால வராங்களோ அவங்க செகரட்டரி. அப்ஜெக்‌ஷன் இருக்கிறவங்க கை தூக்கலாம், அவங்களையும் போட்டியில சேத்துக்கலாம்.”

ஒரு கையும் எழவில்லை. சங்கத்தின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

நாயகன் அஞ்சினான் என்று எழுத எமக்குக் கூச்சமில்லை. முப்பதாண்டுக் காலைகளை நிறுவனப் பேருந்துக்குப் பலி கொடுத்தவன் அவன். ஓய்வு பெற்ற பிறகுதான் காலை என்று ஒன்று தனக்கும் இருப்பதைக் கண்டான். கேப்களும் கம்பெனிப் பேருந்துகளும் விழிக்குமுன் கச்சிபௌலியின் கண்ணாடிக் கோபுரங்களுக்கிடையே சைக்கிளில் போய், இரானி டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லாமல் திரும்பி வருவான். அந்த ஒன்றரை மணி நேரத்தை அவன் தன் பென்ஷனைவிடப் பெரிதாக நேசித்தான். செயலாளனுடைய காலையோ டேங்கருக்குச் சொந்தம். அதைக் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

ராஜாராமனும் சாமானியன் அல்லன். அதே நிறுவனம், அதே வயது. ஆனால் ஒரு பதவி உயர்வை முன்கூட்டியே பெற்றுவிட்ட பாக்கியவான், ஆகையால் நாயகனுக்கு என்றென்றும் ‘சார்’. போர்நாள் விடியலில் அவ்விருவரும் தத்தம் சைக்கிளைத் தோளில் சுமந்து நான்காம் மாடி லிஃப்டின் முன் சந்தித்தனர். களத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பதால், ராஜாராமனின் ஒரே காரில் பகைவர் இருவரும் போவதென்று முன்பே முடிவாகியிருந்தது. லிஃப்டிலோ ஒரு சைக்கிளுக்கு மேல் கொள்ளாது.

“நீங்க போங்க சார்.”

“தேங்க்ஸ், வைத்தி.”

இந்த இரண்டு வாக்கியங்களும் அலுவலக லிஃப்டிலும், கேன்டீன் வரிசையிலும், ஜீப்பின் முன்கதவருகிலும் இருபதாண்டுகளாகப் புழங்கித் தேய்ந்தவை. சொல்கிறோம் என்பதே இருவருக்கும் தெரியாது.

ஊதியது விசில், அதிர்ந்தது குளம். ஐம்பதைக் கடந்த மாவீரர் ஒன்பதின்மர் ஒருசேர நீரில் பாய்ந்தனர். பாய்ந்தனர் என்பது காவிய மரபுக்காக. உண்மையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கினர். நாயகன் நீச்சல் பயின்றது சென்ற ஆண்டுதான், அதுவும் கையில் காற்றுப்பை கட்டிய ஆறு வயதுக் குழந்தைகளின் வகுப்பில். எனவே தவளை நீச்சல் ஒன்றே அவன் அறிந்த அஸ்திரம். ராஜாராமன் இரு கைகளும் மாறி மாறிச் சுழல முன்னேறுகையில் அவனது குதிகால் நாயகனின் நாசியில் நச்சென்று இறங்கியது. கண்ணாடிக்குள் கண்ணீரும் வெளியே குளோரினுமாக, எத்தனையாவது சுற்று என்ற கணக்கும் கலங்கிப்போக, எஞ்சியதெல்லாம் மானம் ஒன்றே என்னும் நிலையிலும் தவளை தன் வழியை விடவில்லை. அவன் கரையேறியபோது ராஜாராமன் ஏற்கெனவே துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்து மூண்டதுதான் காலுறைப் பெரும்போர். ஈரப் பாதத்தில் காலுறை ஏற்றுவதென்பது எதிரியின் கோட்டைக்குள் யானையைப் பின்பக்கமாகச் செலுத்துவதற்கு ஒப்பாகும். பெருவிரலில் நுழைந்தது சிறுவிரலில் சிக்கி, சிறுவிரலை விடுவிக்கையில் பெருவிரல் வெளிப்பட்டு, ஒற்றைக்காலில் நின்று இழுக்கையில் மற்றக்கால் வழுக்கி, கைப்பிடித்த கம்பியோடு நான்கு சைக்கிள்கள் சரிந்து, அவற்றின் உரிமையாளர் நால்வரிடமும் தெலுங்கில் இருமுறையும் இந்தியில் இருமுறையும் மன்னிப்பு வேண்டி, கடைசியில் வெண்கொடி போல் ஒன்று காலில் ஏறிவிட்டது கண்டு நாயகன் பெருமூச்செறிந்தான். அப்போதுதான் குதிகால் இருக்கவேண்டிய இடம் புறங்காலில் இருப்பதைக் கண்டான். கழற்றி மீண்டும் தொடங்கினான்.

“சாக்ஸ் எல்லாம் டைம் வேஸ்ட், வைத்தி,” என்று முழங்கிவிட்டு, வெறும் காலை ஷூவுக்குள் திணித்த ராஜாராமன் சைக்கிளோடு மறைந்தான். இந்த முழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

வெளிவட்டச் சாலையின் ஓரமாக, சூரியத் தகடுகளே கூரையாக வேய்ந்த சைக்கிள் பாதை நீண்டு கிடந்தது. அதில் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி நாயகன் மிதித்தான். எதிரே வருகையில் ஒவ்வொரு முறையும் ராஜாராமன் கையசைத்தான், நாயகனும் கையசைத்தான், இருவருமே பற்களைக் கடித்திருந்தார்கள். முதுகுப்பையில் மனைவி புஷ்பா உருட்டி வைத்த புளியோதரை உருண்டைகள் இருந்தன. மூன்றாம் சுற்றில் தொடை மரத்து, சக்கரம் தயங்கி, நாயகன் நம்பிக்கையை உதிர்க்கத் தொடங்கிய வேளையில், பாதை ஒரு கிளைச்சாலையைக் கடக்குமிடத்தில், செம்மண் நிறத்துச் சிங்கம் ஒன்று படுத்திருந்தது. ஊரார் அதை நாய் என்பர்.

அது எழுந்தது. நாயகனின் கெண்டைக்காலைக் கண்டது. பின் நிகழ்ந்ததை எழுத எங்கள் எழுதுகோல் மூச்சு வாங்குகிறது. புளியோதரை உருண்டை ஒன்றை வீசினான். நாய் நின்று முகர்ந்தது. நல்லெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை போலும், முன்னிலும் கோபமாகத் துரத்தியது. பயிற்சியாளன் எவனும் தராத வேகத்தை அந்த நாய் தந்தது. ஒன்பது மாவீரரில் எவரும் அன்று காணாத வேகத்தில் நாயகன் மூவரை முந்தினான், காரணம் புரியாமல் அவர்கள் கைதட்டினர். சைக்கிளை விட்டு இறங்கும்போது ராஜாராமனின் முதுகு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

இனி ஓட்டம். உச்சிவெயில் தார்ச்சாலையைத் தோசைக்கல்லாக்கியது. ஞாயிறானதால் அலுவலகக் கோபுரங்கள் ஆளற்று நின்றன. காவலாளிகள் மட்டும் நிழலில் நாற்காலி போட்டு, இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தனர். நாயகனுக்கும் அதே கேள்வி இருந்தது. ஓடுவதும் நடப்பதுமாக, நடப்பதையும் ஓட்டம் என்றே மனத்தில் எழுதிக்கொண்டு அவன் போனான். கடைசித் தண்ணீர்ப் பந்தலில் தொண்டராக நின்றவள் அவர்கள் அடுக்ககத்து மூன்றாம் மாடி ஃபாத்திமா, கல்லூரி மாணவி. கோப்பையை நீட்டியபடி அவள் போர்ச்செய்தி அறிவித்தாள்.

“அங்கிள், வோ அங்கிள் அப்பிச் கயே. லங்டாரே. பாகோ.”

மற்ற அங்கிள் இப்போதுதான் போனார், நொண்டுகிறார், ஓடுங்கள் என்பது அதன் பொருள். காலுறையை இகழ்ந்த ராஜாராமனின் இரு குதிகாலும் கொப்புளித்துவிட்டன. ஃபாத்திமா அத்தோடு நிறுத்தவில்லை.

“ஹமாரே ஃப்ளோர்மே பானிச் நை ஆரா, அங்கிள். ஜீத்கே ஆவ். நைதோ ஆப்கோச் போன் கரூங்கி.”

தங்கள் மாடியில் தண்ணீரே வருவதில்லை என்றும், தோற்றால் அவனுக்கேதான் போன் வரும் என்றும் கேட்ட நாயகனின் உடம்பில் புதுரத்தம் பாய்ந்தது. அவன் தன் காலைகளை நினைத்தான். இரானி டீயை நினைத்தான். டேங்கரின் பின்விளக்கை நினைத்தான். நினைத்து ஓடினான். நொண்டி ஓடும் ராஜாராமனைத் திருப்பத்தில் எட்டிப் பிடித்தான், தோளோடு தோள் உரசினான், முந்தினான். முந்தியதில் அவனுக்கு உண்டான ஆனந்தத்தை மறைப்பானேன், பதவி உயர்வு வந்த நாளில்கூட அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இதோ வெற்றி வளைவு. பிளாஸ்டிக் துணியில் காற்றடைத்து நிறுத்திய அந்த மாபெரும் தோரணத்தின் ஒரு கால் வெயிலில் காற்றிறங்கிச் சரிந்திருக்க, நடுவே ஒரு ஆள் நுழையும் அளவு வழியே மிச்சமிருந்தது. அப்பால் மகள் வர்ஷினி கைபேசியில் படமெடுத்தாள், புஷ்பா எழுந்து நின்றாள், சக்ரபாணி சாவிக்கொத்தைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்தார். நாயகன் இரண்டடி முன்னால் இருந்தான். எதிரே குறுகலான வாசல். பின்னால் சாரின் மூச்சுச் சத்தம்.

அவன் கால் நின்றது. அவன் உடல் பக்கவாட்டில் ஒதுங்கியது. அவன் வலக்கை தானாக விரிந்து வழிகாட்டியது.

“நீங்க போங்க சார்.”

“தேங்க்ஸ், வைத்தி,” என்று ராஜாராமன் உள்ளே போனான்.

நாயகன் தன் விரிந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் வளைவுக்குள் நுழைந்தான்.

“நான்னா, எந்துக்கு ஆகாரு?” என்றாள் வர்ஷினி. அப்பா, ஏன் நின்றீர்கள் என்பது அந்தத் தெலுங்கின் பொருள்.

“மூணு மாசமா விடிகாலைல எழுந்து ராகிக் கூழ் காய்ச்சிக் குடுத்தேனே, கதவைத் திறந்து விடறதுக்கா?” என்றாள் புஷ்பா.

ராஜாராமனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் உண்மையிலேயே வெட்கப்பட்டான். “நான் கவனிக்கவே இல்ல வைத்தி, பழக்கதோஷம். வேணும்னா வைஸ் பிரசிடென்டா நான் இருக்கேன்,” என்றான். அந்தப் பதவிக்கு வேலை எதுவும் கிடையாது என்பதை இருவரும் அறிவர். சக்ரபாணியோ கண்ணீர் மல்க, பதக்கம் அணிவிப்பார் போல, சாவிக்கொத்தின் கயிற்றை நாயகனின் கழுத்தில் மாட்டினார்.

ஆயினும் என்ன! தவளை நீச்சலால் தடாகம் கடந்தவன், ஈரக் காலுறையை இருமுறை வென்றவன், செந்நாய் துரத்தவும் சேணம் விட்டு இறங்காதவன், வெற்றித் திருமகள் மாலையோடு வாசலில் நிற்க, ‘முதலில் சாருக்குப் போடம்மா’ என்று சொல்லத்தக்க பண்பின் சிகரம், அகன்ற இந்த ஐதராபாத்தில் வேறெவன் உளன்! குன்றுகள் உள்ளளவும், அவற்றை வெடிவைத்துத் தகர்த்துக் கட்டும் கோபுரங்கள் உள்ளளவும், அவன் கீர்த்தி திசையெட்டும் முழங்கி, தலைமுறை தலைமுறையாக, அடுக்ககம் அடுக்ககமாக, மாடி மாடியாக ஏறி ஒலிப்பதாகுக!

சாயங்காலம் மூன்றாம் மாடியில் தண்ணீர் வரவில்லை என்று ஃபாத்திமா போன் செய்தாள், லிஃப்ட் ஓடாததால் வைத்தியநாதன் படியில் இறங்கிப் போய் மோட்டாரைப் போட்டார்.