விராலுக்கு மூடி போடாதவன்

பிரம்மதேசம் ஏழுமலைக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே பேசாமல் இருந்தான். இத்தனை வருடமாக என் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால் அதற்கு அவன்தான் காரணம். நான் முட்டாள் என்பது தனி விஷயம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முட்டாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவனை என்னவென்று சொல்வது?

2005 ஐப்பசி. சுனாமி அலை வந்து ஒரு வருடம் முடியவில்லை. எங்கள் குப்பமே மேட்டுப்பக்கம் தகரக் கொட்டகைகளில் இருந்தது. வெயில் அடித்தால் அடுப்பு, மழை பெய்தால் சல்லடை. (கட்டிக் கொடுத்தவர்கள் ஒரே ஒரு மத்தியானம் அதில் படுத்துப் பார்த்திருக்கலாம்.) என் படகு இரண்டு துண்டாகிவிட்டதால் நான் மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் உப்பு விளையாது. கோடையில் குவித்து ஓலை போட்டு மூடியதை மூட்டை பிடித்து லாரியில் ஏற்ற வேண்டும். அந்த லாரியின் டிரைவர்தான் ஏழுமலை.

அப்போது என் தங்கச்சி வசந்திக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இடம் வந்தது. பையன் நல்ல பையன். வசந்திக்கும் பிடித்துப்போயிற்று. அவள் அதைச் சொல்லவில்லை, ஆனால் யாரும் கேட்காமலே தினமும் தலைக்குப் பூ வைத்தாள். பேச்சு முடிந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு சிக்கல். பையனின் அம்மா தெய்வானை அத்தை தலைக்கூடையில் மீன் விற்றவர். அலையில் தம்பியைப் பறிகொடுத்தவர். அன்றிலிருந்து கடல் மீனைத் தொடுவதில்லை, வாயில் வைப்பதில்லை.

என் அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டார், கோழி அடித்துவிடலாம் என்று. அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"மீன்காரன் வீட்டு விருந்துல கோழியாம்மா? ஊரு சிரிக்கும்."

(ஊர் சிரித்தது. கோழிக்காக இல்லை.)

ஏரி மீன் வாங்கி வருகிறேன், அதிலும் விரால்தான் என்று வாக்குக் கொடுத்தேன். அதுவரை நான் விராலைக் கையால் தொட்டதே கிடையாது. எங்கள் குப்பத்தில் யாரும் தொட்டதில்லை. ஏரி மீனை மீன் கணக்கிலேயே நாங்கள் சேர்க்க மாட்டோம்.

ஏழுமலையின் பிரம்மதேசம் ஏரிக்கரை ஊர், அதனால் அவனிடம் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், மூட்டை ஏற்றி முடிக்கும் வரை பேசினான். சித்திரை வெயிலில் ஏரி வற்றினால் விரால் சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளுமாம், மண்வெட்டியால் தோண்டியே எடுக்கலாமாம். ஆடியில் நாலு மழை பெய்து கரையோரம் புல் முளைத்தால், தூண்டிலில் தவளையைக் குத்திப் போட்டதும் பாயுமாம். மார்கழி, தை குளிரில் மூக்குக்கு முன்னால் இரையைக் காட்டினாலும் திரும்பிப் படுத்துக்கொள்ளுமாம். குஞ்சு பொரித்த விரால் பக்கத்தில் காலை வைத்தால் காலையே கடிக்குமாம். ஐப்பசியில்தான் அதற்குப் பைத்தியம் பிடிக்குமாம். ஏரி நிரம்பிக் கோடி போகும்போது, அதாவது உபரித் தண்ணீர் வழியும்போது, அந்தத் தண்ணீரை எதிர்த்து ஏறுமாம்.

இவ்வளவு சொன்னவன், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. அதற்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் அவன் ஊர் ஏரிக்குப் போனோம். நான் என் வீச்சு வலையோடு போனேன். ஏழுமலை கையில் ஒரு மூங்கில் தூண்டிலும், பிளாஸ்டிக் வாளியும் இருந்தன. தூண்டிலைப் பார்த்து நான் சிரித்தேன். கடலையே வலைக்குள் போட்டவன் நான், இந்தக் குட்டை எனக்கு எம்மாத்திரம் என்று சொன்னேன். அதோடு நிற்காமல், தள்ளி நின்று பார், கத்துக்கோ என்றும் சொன்னேன்.

வீசினேன். வலை பூ மாதிரி விரிந்து அழகாக விழுந்தது, தண்ணீருக்குள் மூழ்கியிருந்த வேலிகாத்தான் முள் மேல். இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். வலை வரவில்லை, நான் போனேன். கரை வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே ஏரிக்குள் இறங்கினேன். ஏழுமலை கை கொடுத்துத் தூக்கவில்லை. "ஏம்பா, அங்க மீன் இருக்குதா பாரு" என்றான்.

கடைசியில் மீன் பிடித்தது அவன்தான். கோடி வழியும் இடத்தில் தவளையைக் குத்திப் போட்டுப் போட்டு எடுத்தான். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், கறுப்பாக, வழுவழுவென்று. நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஈரச் சாக்கோடு ஏழுமலையின் பைக்கில் வீட்டுக்கு வந்தோம். கொட்டகைக்குப் பின்னால் சோறு வடித்துக் கொட்டும் பெரிய அலுமினிய அன்னக்கூடையில் மீன்களைக் கொட்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மூடவில்லை. எதற்கு மூட வேண்டும்? சின்ன வயதிலிருந்து மீன் பார்க்கிறேன். கரைக்கு வந்த கடல் மீன் செத்த மீன். பூனை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். எழுந்து போன மீனை நான் பார்த்ததில்லை. ஏழுமலையையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். அவன் அன்னக்கூடைக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து என் அம்மா கொடுத்த டீயைக் குடித்தான். கூடையைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எல்லாரையும் உள்ளே உட்கார வைத்தோம். நான் பவுடர் போட்டுக்கொண்டு (சேற்று வாசனை போகவில்லை) பெரிய மனுஷன் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு விரால் குழம்பு, கடல் மீன் இல்லை, அத்தைக்காகவே நானே பிடித்தது என்றேன். 'நானே' என்பதை அழுத்திச் சொன்னேன். ஏழுமலை இருமினான்.

அம்மா மீன் கழுவப் போனவர் திரும்பி வந்து என் காதில் சொன்னார். கூடை காலி.

பின்னால் ஓடினேன். தண்ணீர் இருந்தது. மீன் இல்லை. ஒரு செதில்கூட இல்லை. பூனை தின்றால் முள்ளாவது இருக்கும். பக்கத்துக் கொட்டகை வாசலில் அமுதா அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். என் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

"அக்கா, மீனை எடுத்தது நீதானே? மரியாதையா குடுத்துடு."

அமுதா அக்கா வாயைத் திறந்தால் அந்த வரிசை முழுக்கக் கேட்கும். "யாரைப் பார்த்துடா திருடின்றே? அலை வந்தன்னிக்கு உங்கம்மாவ முதுகுல தூக்கினு ஓடினவடா நான்" என்றார். அது உண்மை. அப்படியும் நான் வாயை மூடவில்லை. உன் வீட்டுச் சட்டியைக் காட்டு என்றேன்.

மாப்பிள்ளையின் பெரிய மாமா எழுந்துவிட்டார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தூக்கினு ஓடினவளையே திருடின்றான். இந்த வீட்ல பொண்ணு எடுத்தா நாளைக்கு நம்மள என்ன சொல்லுவான்? எழுந்திரிங்க."

எல்லாரும் எழுந்தார்கள். வசந்தி தடுப்புத் துணிக்குப் பின்னால் நின்றாள். அழவில்லை. தலையிலிருந்த பூவை எடுத்து மடக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்து வைத்திருக்கும் காரியம் எனக்கு உறைத்தது.

பெரிய மாமா வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் காலை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார்.

"பாம்பு."

செருப்புக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கறுத்த தலை எட்டிப் பார்த்தது. விரால் தலை பாம்புத் தலை மாதிரியே இருக்கும். அவரும் கடல்காரர்தான், விராலை எங்கே பார்த்திருக்கப் போகிறார்? கொட்டகைக்கு முட்டுக் கொடுத்திருந்த கழியைப் பிடுங்கி ஓங்கினார். நான் குப்புறப் பாய்ந்து அந்த மீன் மேல் விழுந்தேன்.

"அடிக்காதீங்க மாமா. அது கொழம்பு."

எல்லாரும் சந்துப் பக்கம் திரும்பினோம். கொட்டகைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் வாய்க்கால் மாதிரி ஓடியது. அந்தத் தண்ணீரை எதிர்த்து, செவுளை ஊன்றி உடம்பை வளைத்து வளைத்து, என் விருந்து நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒன்று குழாயடியில். ஒன்று அமுதா அக்காவின் பாத்திரங்களுக்கு நடுவே. ஐப்பசித் தண்ணீர் ஓடினால் எதிர்த்து ஏறும் என்று ஏழுமலை சொன்னானே. ஏரியில்தான் ஏறும் என்று நினைத்தேன். தெருவிலும் ஏறுகிறது.

நான் எழுந்து ஒன்றைத் துரத்தினேன். வழுக்கியது. இன்னொன்றைத் துரத்தினேன். விழுந்தேன். தெய்வானை அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தில் இறங்கினார். "மீன் புடிக்கிற மூஞ்சியப் பாரு" என்று என்னைத் தள்ளிவிட்டு, ஒரு கை அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய் ஒரே அமுக்கில் ஒன்றைப் பிடித்தார். அடுத்தது. அதற்கடுத்தது. அமுதா அக்கா அன்னக்கூடையைக் கொண்டுவந்து அத்தைக்குப் பக்கத்தில் வைத்தார், ஒரு தாம்பாளத்தையும் எடுத்து வந்து அதன் மேல் போட்டு மூடினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரிய மாமா இன்னும் கழியோடுதான் நின்றார். அத்தை கையைக் கழுவாமலே என்னிடம் வந்து அமுதா அக்காவைக் காட்டினார்.

"இவங்க கால்ல விழு. அப்புறம்தான் நாங்க சாப்புடறதா வேணாமான்றது."

விழுந்தேன். ஊரே பார்க்க, சேற்றில், நெடுஞ்சாண்கிடையாக. கையில் நான் பிடித்த ஒரே மீன் இருந்தது. விட்டால் ஓடிவிடும் என்பதால் அதையும் பிடித்துக்கொண்டேதான் விழுந்தேன். அமுதா அக்கா, "மீன உட்டுட்டாவது விழுடா" என்றார். அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பெரிய மாமா கழியைக் கீழே போட்டார். சாப்பிட்டார்கள். குழம்பு வைத்தது அத்தை, பக்கத்தில் உட்கார்ந்து அரைத்துக் கொடுத்தது அமுதா அக்கா. வசந்தி பூவைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

வசந்தி இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அந்தப் பிள்ளைகள் என்னை மணி மாமா என்று கூப்பிட்டதே இல்லை. மூடி மாமாதான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் பந்தலுக்குள் நுழைந்ததும் யாராவது ஓடிப்போய் சாம்பார் அண்டாவை மூடுகிறார்கள். வெந்த சாம்பாரை. போன தையில் பந்தி பரிமாறியபோது ரசத்துக்கும் மூடினார்கள். எனக்குக் கோபம் வருகிறது. வந்து என்ன செய்ய?

ஏழுமலை மட்டும் இன்றைக்கும், "எனக்கு இன்னா தெரியும், நானும் மறந்துட்டேன்" என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஊரும் நம்புகிறது. அன்றைக்குப் பிடித்ததில் பெரிய மீன் ஒன்று கடைசி வரை கிடைக்கவில்லை. எல்லாரும் சந்தில் தேடிக்கொண்டிருந்தபோது, லாரி எடுக்கணும், நேரமாச்சு என்று ஏழுமலை சாப்பிடாமலே கிளம்பினான். விருந்துச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். வாளியை வண்டியில் தொங்கவிட்டிருந்தான். அந்த வாளியின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

ஏழுமலை, இதை உனக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். வருகிற வைகாசியில் வசந்தியின் சின்னவளுக்குக் காது குத்துகிறோம். உனக்கும் பத்திரிகை வரும். பந்தலில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, மைக்கைப் பிடித்து, தெய்வானை அத்தை முன்னால், அமுதா அக்கா முன்னால் பதில் சொல். விரால் நடக்கும் என்று உனக்குத் தெரியாதென்றால், உன் வாளிக்கு மட்டும் எதற்கடா மூடி போட்டாய்?