குற்றாலத்து டாக்சிகளும் என் தலைத்துண்டும்

மேலகரம்,
30-6-1981.

மகாகனம் பொருந்திய அண்ணாச்சி அவர்களுக்குத் தம்பி ஆறுமுகநயினார் அநேக கோடி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் குருவம்மாளும் பிள்ளை முத்துவடிவும் காசிவிசுவநாதர் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே மதினிக்கு முழங்கால் வலி தேவலையா? நிற்க. நீங்கள் பார்த்துப் பேசிவிட்ட மதுரை இடத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தபோது, தம்பி அவர்களைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டான் என்று உங்கள் காதுக்குச் செய்தி வந்திருக்கும். அது முழுப் பொய். பிடித்தது போலீஸ்தான். நான் துண்டு கட்டும் யோசனையை மட்டும்தான் சொன்னேன்.

இந்த வருஷம் சாரல் அமோகம். சாரல் விழுந்தால் கூட்டம் விழும், கூட்டம் விழுந்தால் தென்காசி ரயில் ஸ்டேஷன் வாசலில் சில டாக்சிக்காரர்களுக்குக் கை அரிக்கும். குற்றாலத்துக்கு நேர் ரோடு இருப்பதையே சொல்லாமல் செங்கோட்டை வழியாகச் சுற்றுவது, வயக்காட்டு மதகைக் காட்டி இதுதான் சிற்றருவி என்பது, பாதி வழியில் நிறுத்தி வாடகையை மூன்று மடங்காக்குவது என்று ஊர் பேரையே கெடுத்தார்கள். புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் அகமது கபீர் ஸ்டேஷன் வாசலில் வாடகைப் போர்டு வைத்தார். மறுநாள் அந்தப் போர்டில் ஒருத்தன் வேட்டி காயப்போட்டிருந்தான். கான்ஸ்டபிளை மப்டியில் அனுப்பினால், "வாங்க ஏட்டையா, குளிக்கவா?" என்று கும்பிடுகிறார்கள். தினமும் ஒரே அருவியில் குளிக்கிறவர்களுக்கு முகம் தெரியாதா? சர்வீஸ் முழுவதும் திருச்சியில் கழித்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பிய என் முகம்தான் எவனுக்கும் தெரியாது. அதனால் நானே போய், மெட்ராஸ் பணக்காரனாக நடிக்கத் தயார் என்று சொன்னேன். குருவம்மாள்தான், "ஞாயித்துக்கெழம சாயங்காலம் பொண்ணு பாக்க வாறாவ. நாலு எடம் தட்டிப்போயி இது ஒண்ணு கூடி வருது. பேசாம வீட்ல கெடங்க" என்றாள். முத்துவடிவு மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பாடிக்கொண்டேதான் தோசை வார்க்கிறாள் அண்ணாச்சி. அது எனக்கும் தெரியும். "ஏட்டி, மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

போலீஸுக்கு நான் சைகை காட்ட வேண்டும். டிரைவருக்குத் துளி சந்தேகம் வரக்கூடாது, அந்த இடத்தில் எல்லாரும் செய்கிற காரியமாக இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் மண்டையைக் குழப்பி ஒரு யோசனை சொன்னேன். குளித்துவிட்டு வந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கார்க் கதவைத் திறப்பேன், உடனே ஸ்டியரிங்கில் இருப்பவனை அமுக்கிவிட வேண்டியது. சொந்தக் கார் வைத்திருக்கிறவனும் திருட்டுத்தனமாக வாடகைக்கு ஓட்டுகிறான், அதனால் டாக்சியா இல்லையா என்று பார்க்காதீர்கள், துண்டை மட்டும் பாருங்கள் என்றும் நானே எடுத்துச் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் தர்மபுரிப் பக்கத்துக்காரர், இன்னும் ஒரு தடவைகூட அருவியில் குளித்ததில்லை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஞாயிறு காலை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். மாடன் என்ற டிரைவர் பெட்டியைப் பிடுங்காத குறையாக ஏற்றிக்கொண்டான். "நேர் ரோட்டுல யான நிக்கி சார். செங்கோட்ட சுத்தித்தான் போவணும்" என்றான். மதகையும் காட்டினான். நான் "ஆகா, என்ன அருவி!" என்று சொல்லி வைத்தேன். மெயினருவிக்குப் போய், எண்ணெய் தேய்த்துக்கொண்டு, உள்ளே தலையைக் கொடுத்தேனோ இல்லையோ, சப்-இன்ஸ்பெக்டராவது டாக்சியாவது, அந்தத் தண்ணீர் பிடரியில் அறைந்தால் சொந்தப் பெயரே நினைவுக்கு வராது அண்ணாச்சி. சிரித்துக்கொண்டே நின்றேன். அந்தச் சிரிப்பில் துண்டு தண்ணீரோடு போய்விட்டது.

துண்டில்லாமல் சொட்டச் சொட்ட வெளியே வந்து பார்த்தால் கார் நிறுத்துகிற இடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற எந்த ஆண்பிள்ளைதான் தலையில் துண்டு கட்டாமல் வருகிறான்? ஒவ்வொருத்தரும் துண்டு கட்டிக் கதவைத் திறக்க, கான்ஸ்டபிள்கள் திறக்கத் திறக்க அமுக்கி, அத்தனை பேரையும் கார்களோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சி நின்றது மாடன் கார் ஒன்றுதான். அதில் ஏற வேண்டியவன் தலையில்தான் துண்டு இல்லையே!

இத்தனை திருடர்கள் சிக்கிவிட்டார்களே என்று நான் சந்தோஷமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். வாசல் பெஞ்சில் உடம்பெல்லாம் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக வாட்டசாட்டமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவன்தான் கூட்டத்துக்குத் தலைவன் என்று தோன்றியது. சும்மா வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னவே, எத்தன வருசமா இந்தத் தொழிலு?" என்றேன்.

"எந்தத் தொழிலு?" என்றார்.

"முழிக்கத பாரு! ஊரான ஏமாத்தி ஒடம்ப வளத்துருக்கீரே, பிள்ள குட்டி உண்டா?"

"ஒரு பையன் இருக்கான்."

"அவனுக்கு எவன்வே பொண்ணு குடுப்பான்?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்து, "மேலகரத்துல ஆறுமுகநயினார்னு ஒருத்தர் குடுக்கறேன்னிருக்கார். சாயங்காலம் அங்கதான் போகணும். வழி தெரியுமா?" என்றார்.

நீங்கள் அனுப்பியது மாப்பிள்ளை போட்டோ மட்டும்தானே, அப்பாவை எங்கே பார்த்தேன்? பால்வண்ணம் என்கிற அந்த நல்ல மனுஷர் சொந்தக் காரில் வந்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மெயினருவியில் கூட்டமென்று ஐந்தருவிக்குப் புறப்பட்டிருக்கிறார். ஸ்டியரிங்கில் இருந்தவர் இவர், குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு கதவைத் திறந்தவர் இவருடைய மச்சினன். நான் மேலகரத்துக்கு வழி சொன்னேன். வீட்டு அடையாளமும் சொன்னேன். நான்தான் அது என்று மட்டும் சொல்ல வரவில்லை. அந்த நேரம் பார்த்து சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்து, "ஆறுமுகநயினார் சார்! உங்க ஐடியா பிரமாதம், லாக்கப்புல இடமில்ல!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. புருஷனைக் காணாமல் தவித்த பெண்டுகள் எல்லாரையும் மாடன் தன் வண்டியில் அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று பிடுங்கிக்கொண்டு, அவனே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். வேதா என்று ஒரு மெட்ராஸ் அம்மாள் இறங்கிய வேகத்தில் வாடகையைச் சொல்லிச் சத்தம் போட, சப்-இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே மாடனின் சாவியை வாங்கிப் பையில் போட்டார். பிடிபட்ட மற்றவர்களை மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். நான் யாரிடமும் சொல்லாமல் கொல்லைப்பக்கமாக நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். வருவார்கள் என்றே நான் நினைக்கவில்லை. பால்வண்ணம் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்தார். கேசரியைத் தொடவில்லை. இதுவும் போச்சு, என் வாயால் பிள்ளை வாழ்க்கை போச்சு என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முத்துவடிவு காப்பித் தட்டோடு வந்து, அவர் காலில் விழுந்து எழுந்து, "மாமா, எங்கப்பா சொல்லுத யோசனய இந்த வீட்ல நாங்க யாரும் கேக்க மாட்டோம். போலீசு கேட்டுட்டாவ" என்றாள். மனுஷர் சிரித்தார் பாருங்கள், காப்பி முழுக்க வேட்டியில். "சம்பந்தி கிடக்கட்டும்யா, இந்தப் பொண்ணு போதும் எங்களுக்கு" என்றார். மாப்பிள்ளைப் பையன் அவளைப் பார்த்த கண்ணை எடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அடுக்களையில் போய் நின்று அழுதேன், எல்லாம் சந்தோஷத்தில்.

ஜூலை பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை குற்றாலநாதர் கோயிலில் நிச்சயதார்த்தம். சம்பந்தியின் குளியல் பாதியில் நிற்கிறதாம், அதனால் இடம் அவர் சொன்னது. நீங்களும் மதினியும் முந்தின நாளே வந்துவிட வேண்டும். இனிப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று காசிவிசுவநாதர் விபூதியை அள்ளிக் குருவம்மாளிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். மதினிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எல்லாச் சுகமும் உண்டாக என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ஆறுமுகநயினார்.

பி.கு: உறையை ஒட்டும்போது சப்-இன்ஸ்பெக்டர் வீடு தேடி வந்துவிட்டார். இன்னும் நாலைந்து மாடன்கள் பாக்கியாம். பெரிய அதிகாரி, எப்படி மறுப்பது? அடுத்த வேட்டை ஜூலை பத்தாம் தேதி காலை. துண்டு சரிப்படாது என்று இந்தத் தடவை, கார் பக்கத்தில் நின்று குடையை விரிப்பதுதான் சைகை என்று நானே சொல்லியிருக்கிறேன், சாரலில் எவனுக்கும் சந்தேகம் வராது. ஆகவே அண்ணாச்சி, நீங்களும் மதினியும் சம்பந்தி வீட்டாரும் அன்றைக்கு எவ்வளவு மழை கொட்டினாலும் தயவுசெய்து நனைந்துகொண்டே இறங்கவும். குருவம்மாளுக்குத் தெரிய வேண்டாம்.