எண் ஒன்றின் மூளை

"சார், உங்க மூளையில நாற்பத்தொரு புதுப் புள்ளி காட்டுது," என்றாள் ஆராய்ச்சி மாணவி.

புள்ளி டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய்க்காரர்களின் மூளைப் படத்தில் வெள்ளைப் புள்ளிகளை எண்ணுவதுதான் இருபத்துமூன்று வருஷமாக அவர் பிழைப்பு. அதனால் வந்த பட்டப்பெயர்தான் 'புள்ளி டாக்டர்'. பழைய படத்தின்மேல் புதுப் படத்தை வைத்துப் புதுப் புள்ளிகளைப் பிடிக்கும் புரோகிராமும் அவர் எழுதியதே.

"தனியா பார்த்தா புதுப் படம் சுத்தமாத்தான் இருக்கு சார்."

"கண்ணு ஏமாத்தும்மா. என் புரோகிராம் ஏமாத்தாது!"

இன்றோடு பழைய ஸ்கேன் மெஷினுக்கு ஓய்வு. நாலு மணிக்கு வழியனுப்பு விழா. அது வந்த முதல் நாள், முதல் ஆளாக உள்ளே படுத்தவர் அவர்தான். விதிப்படி படத்திலிருந்து முகத்தை அழித்து, பெயரை எடுத்துவிட்டு, 'எண் ஒன்று' என்று வைத்தார்கள். ஆனாலும் வருஷா வருஷம் புது மாணவர்களுக்கு அதைக் காட்டி, "மாசுமருவில்லாத மூளை! யாரோடது சொல்லுங்க?" என்று கேட்டுவிட்டு, தானே சிரிப்பார். இன்று காலை அதே மெஷினில் மறுபடி படுத்து எழுந்தார். அன்றைய தலையையும் இன்றைய தலையையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் காட்ட ஆசை.

என்ன நாள், அந்த முதல் நாள்! சுவரில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. பதிவேட்டு மேசையிலிருந்த பெண், "பயப்படாதீங்க, உள்ள ஒண்ணும் கடிக்காது," என்றாள். அடுத்த வருஷமே அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் அவருக்கு நெஞ்சு இளகிவிடும்.

"தள்ளும்மா, நானே சரி பண்றேன்." இரண்டு படங்களையும் கையால் நகர்த்திப் பொருத்தினார்.

புள்ளிகள் அறுபத்துமூன்று ஆயின.

"மொத்த அளவைப் பாரு!"

மாணவி பார்த்தாள். முகம் மலர்ந்தது. "சார், உங்க மூளை பத்து சதவீதம் வளர்ந்திருக்கு!"

"ஐம்பத்திரண்டு வயசுல மூளை வளருமா? வீங்கியிருக்கு!"

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அடுத்தவர் தலையென்றால், படங்கள் பொருந்தாவிட்டாலும் புள்ளி காட்டும் என்று நிதானமாக நாலு காரணம் சொல்லியிருப்பார். தன் தலை என்றதும் கற்றதெல்லாம் காற்றில் போயிற்று. மனைவிக்குப் போன் போட்டார்.

"இப்பல்லாம் எனக்கு மறதி அதிகமா இருக்கா?"

"அது என்ன, இப்பல்லாம்?"

"விளையாடாதே. மூளை பத்து சதவீதம் பெரிசாயிருக்கு."

"வீட்ல இருக்கிற எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"அந்த எண் ஒன்று படத்தோட ஒத்துப் பார்த்தேன். அறுபத்துமூணு புள்ளி."

"அந்தப் படத்தை எதுக்கு இப்பப் போய்க் கிளறினீங்க?" குரல் தாழ்ந்திருந்தது. "நான் உடனே வரேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டாதீங்க."

போனை வைத்துவிட்டாள். அப்படியென்றால் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்! இத்தனை நாளாக மறைத்து வைத்திருக்கிறாள்!

சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல் மரத்துப்போய் வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் எண் கொடுத்து, புள்ளி எண்ணி, கட்டுரை எழுதினார். ஒருவரிடமாவது பக்கத்தில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறதா என்று கேட்டாரா? இல்லை. அதை நினைத்து வெட்கமாக இருந்தது. தன் பொத்தானைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். இழுத்த இழுப்பில் ஒன்று அறுந்து மேசைக்கு அடியில் உருண்டது.

"ஆரம்பிச்சிடுச்சும்மா," என்றார், கண் கலங்க. "புரோகிராமோட பாஸ்வேர்டைச் சொல்றேன், எழுதிக்கோ."

"ஐயோ சார்!" மாணவியும் அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து, விழாவுக்கு வந்திருந்த பழைய ஸ்கேன் ஆபரேட்டர் உள்ளே நுழைந்தார். அன்று மெஷினை ஓட்டியவர் அவர்தான். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்தார். மாணவி விக்கி விக்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து பழைய படத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். தோளில் தட்டிக்கொடுத்தார்.

"டாக்டர், இது உங்க தலையே இல்லை, அன்னைக்கு நீங்க உள்ள நடுங்கின நடுக்கத்துல ஒரு படமும் தேறலை, 'பாவம், முதல் நாளே அவர் முகம் வாடக் கூடாது'ன்னு உங்க வீட்டம்மாதான், நீங்க போனப்புறம் உங்க நம்பர்ல போய்ப் படுத்தாங்க!"